ஆன்லைன்ல சட்டமும் கிரிமினாலஜியும் படிக்கணுமா? காசு கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

முதல்லயே போட்டு உடைச்சிடுறேன். இந்தியாவுல ஆன்லைன்லயோ தபால்லயோ எல்எல்பி படிச்சு வக்கீல் ஆக முடியாது. யார் என்ன சொன்னாலும் முடியாது. இதை இவ்ளோ அழுத்திச் சொல்றதுக்குக் காரணம், அஞ்சு வருஷம் முன்னாடி நானே பதினஞ்சாயிரம் அட்வான்ஸை கையில வச்சுக்கிட்டு ஒரு கன்சல்டன்சி வாசல்ல நின்னவன்தான். "சார் நீங்க வேலையை விட வேணாம், கிளாசுக்கு வர வேணாம், பரீட்சைக்கு மட்டும் வந்தா போதும், மூணு வருஷத்துல கறுப்பு கோட்டு"ன்னு அந்த ஆள் சொன்னப்போ காதுல தேன் பாஞ்ச மாதிரி இருந்துச்சு. நல்லவேளை, பக்கத்து வீட்டு அண்ணன் ஒருத்தர் கோர்ட்ல குமாஸ்தா, அவர்கிட்ட சும்மா வாயை விட்டேன், "தம்பி அந்தக் காசுல வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வாங்கிப் போடு"ன்னார். அதுக்கப்புறம் உக்காந்து விதியெல்லாம் படிச்சுப் பாத்து, கடைசில கிரிமினல் ஜஸ்டிஸ் டிப்ளமோ ஒண்ணு தொலைநிலைல முடிச்சேன், அது எனக்கு உபயோகமாவும் இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல தெரிஞ்சுக்கிட்டதைத்தான் எழுதுறேன்.

ஏன் முடியாதுன்னு முதல்ல பாத்துடலாம், ஏன்னா காரணம் தெரிஞ்சாதான் ஏஜெண்ட் பேச்சுல விழ மாட்டீங்க. வக்கீலா என்ரோல் பண்றது 1961 வக்கீல்கள் சட்டத்துக்குக் கீழ வருது, எந்தப் படிப்பு செல்லும்னு முடிவு பண்றது பார் கவுன்சில் ஆஃப் இந்தியா, அதான் பிசிஐ. அவங்க 2008-ல கொண்டுவந்த சட்டக்கல்வி விதிகள்படி எல்எல்பி ரெகுலர் கோர்ஸா இருக்கணும், ஒவ்வொரு பேப்பருக்கும் 70 சதவீதம் அட்டெண்டன்ஸ் வேணும்னு அதுல இருக்கு. இன்னொரு பக்கம் யூஜிசியோட, அதான் பல்கலைக்கழக மானியக் குழுவோட, 2020 தொலைநிலை, ஆன்லைன் விதிகள்ல இந்த இந்தப் படிப்பை இப்படி நடத்தவே கூடாதுன்னு ஒரு பட்டியல், இன்ஜினியரிங், மருத்துவம், நர்சிங், ஆர்க்கிடெக்சர் இதோட சேத்து சட்டமும் அதுல வருது. ஆக ரெண்டு பக்கமும் கதவு சாத்தியிருக்கு. எல்எல்எம், அதான் சட்டத்துல முதுகலை, அதை மட்டும் ஆன்லைன்ல பண்ணலாமேன்னு ஒரு கூட்டம் கிளம்புச்சு, எக்சிக்யூட்டிவ் எல்எல்எம் அது இதுன்னு பேர் வச்சு வித்தாங்க, அதையும் ஒத்துக்க மாட்டோம்னு பிசிஐ 2025-ல எச்சரிக்கை விட்டுடுச்சு.

"கிளாசுக்கு வர வேணாம்"னு சொல்றவங்க பெரும்பாலும் தொலைநிலைக் கல்வியே இல்ல, பக்கத்து மாநிலத்துல பேருக்கு ஒரு ரெகுலர் காலேஜ், அட்டெண்டன்ஸை அவங்களே போட்டுக்குவாங்க. நம்ம ஊர்ல இதுக்கு லெட்டர்பேட் காலேஜ்னே பேர். இதுல பாஸ் பண்ணி வந்தவங்களும் இருக்காங்க, நான் இல்லன்னு சொல்லல, ஆனா நீங்க வேலை பாத்த இடத்து அட்டெண்டன்சும் காலேஜ் அட்டெண்டன்சும் ஒரே தேதில ஒரே நேரத்துல இருக்கும் பாருங்க, என்னைக்காவது யாராவது அதைத் தோண்டினா பதில் சொல்ல வேண்டியது நீங்கதான், ஏஜெண்ட் நம்பர் அன்னைக்கு சுவிட்ச் ஆஃப்.

சரி அப்போ நிஜமாவே வக்கீல் ஆகணும்னா? ஆன்லைன் அதுல பாதி தூரம்தான் உதவும். ப்ளஸ் டூ முடிச்சுட்டு ஒரு டிகிரியை தொலைநிலையிலயோ ஆன்லைன்லயோ அங்கீகாரம் உள்ள பல்கலைக்கழகத்துல படிச்சுட்டு அப்புறம் மூணு வருஷ எல்எல்பி ரெகுலரா சேரலாம், அதுக்குத் தடை இல்ல. பொதுப்பிரிவுக்கு டிகிரில 45 சதவீதம், ஓபிசிக்கு 42, எஸ்சி எஸ்டிக்கு 40 இருக்கணும். கவனிக்க வேண்டியது என்னன்னா, ப்ளஸ் டூ இல்லாம நேரா திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துல டிகிரி வாங்கினவங்களை பிசிஐ ஏத்துக்காது. பத்தாவது, ப்ளஸ் டூ, டிகிரி, இந்த வரிசை முக்கியம். இதுல தப்பு பண்ணிட்டு மூணு வருஷம் சட்டமும் படிச்சு முடிச்சு என்ரோல்மெண்ட் நேரத்துல அழுதவங்க கதை நிறைய இருக்கு. தமிழ்நாட்டுல அரசு சட்டக் கல்லூரிகளுக்கு அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம்தான் கவுன்சிலிங் நடத்துது, மூணு வருஷப் படிப்புக்கு நுழைவுத்தேர்வு இல்லாம டிகிரி மார்க்கை வச்சுதான் எடுக்கறாங்க, அதனால தொலைநிலை டிகிரியை "சும்மா பாஸ் பண்ணா போதும்"னு படிக்காதீங்க, அந்த மார்க்தான் உங்க சீட்டு. ராத்திரி காலேஜ் இருக்குமான்னு கேக்காதீங்க, காலை 8 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 7 மணிக்கு அப்புறமும் கிளாஸ் நடத்தக் கூடாதுன்னு விதியே இருக்கு. படிச்சு முடிச்சு என்ரோல் ஆகறதோட ஏஐபிஇங்கற அகில இந்திய பார் தேர்வும் எழுதணும், 100 கேள்வி, மூணு மணி நேரம், குறிப்பு எழுதாத பேர் ஆக்ட், அதான் விளக்கவுரை இல்லாம சட்டத்தோட வரிகள் மட்டும் இருக்கற புத்தகம், உள்ள கொண்டு போகலாம். என்ரோல்மெண்ட் ஃபீஸ் பொதுப்பிரிவுக்கு 750, எஸ்சி எஸ்டிக்கு 125, இதுக்கு மேல வாங்கக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் 2024 ஜூலைல சொல்லிடுச்சு.

வக்கீல் ஆக வேணாம், ஆனா சட்டம் தெரியணும், இல்ல போலீஸ், ஜெயில், குழந்தைகள் பாதுகாப்பு, பேங்க்ல ஃபிராடு செக்‌ஷன், என்ஜிஓ, ரிப்போர்ட்டர் வேலை இந்தப் பக்கம் இருக்கேன்னு சொல்றவங்களுக்குத்தான் ஆன்லைன், தொலைநிலை நிஜமா ஒத்து வரும். இங்க நிறைய இருக்கு. இக்னோ, அதான் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம், அதுல கிரிமினல் ஜஸ்டிஸ்ல பிஜி டிப்ளமோ இருக்கு, எந்த டிகிரி இருந்தாலும் சேரலாம், ஒரு வருஷத்துல முடிக்கலாம், முடியலன்னா மூணு வருஷம் வரைக்கும் இழுக்கலாம். அங்கயே சைபர் லாவுல சர்டிபிகேட், பாராலீகல் (வக்கீல் இல்லாம சட்ட உதவி பண்றவங்க) டிப்ளமோ, அறிவுசார் சொத்துரிமை, மனித உரிமைன்னு தனித்தனியா வச்சிருக்காங்க. பெங்களூரு நேஷனல் லா ஸ்கூல் தொலைநிலைல மருத்துவச் சட்டம், குழந்தை உரிமை, சுற்றுச்சூழல், சைபர் சட்டம்னு பிஜி டிப்ளமோ நடத்துது, ஹைதராபாத் நல்சார் சட்டப் பல்கலைக்கழகத்துல கிரிமினல் ஜஸ்டிஸும் ஃபாரன்சிக் சயின்ஸும் சேந்த டிப்ளமோ ஒண்ணு இருக்கு. டிகிரி அளவுல வேணும்னா தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துல குற்றவியல், அதான் கிரிமினாலஜி, படிப்பு இருக்கான்னு பாருங்க, நம்ம மாநிலத்து ஆளுங்களுக்கு ஸ்டடி சென்டர் பக்கத்துல இருக்கறது ஒரு வசதி. ஏற்கனவே எல்எல்பி ரெகுலரா படிச்சுக்கிட்டு இருக்கறவங்களும் கூடவே இந்த மாதிரி தொலைநிலை டிப்ளமோ ஒண்ணு பண்ணலாம். பிசிஐ தடுக்கறது ஒரே நேரத்துல ரெண்டு ரெகுலர் படிப்பைத்தான்.

இலங்கைல இருக்கறவங்களுக்கு கதை வேற. அங்க திறந்த பல்கலைக்கழகமே சட்ட இளமாணி நடத்துது, அதனால நான் மேல சொன்ன "முடியவே முடியாது" இந்தியாவுக்கு மட்டும். லண்டன் யுனிவர்சிட்டி 1858-லயே வெளியிலேருந்து படிக்கறவங்களைச் சேக்க ஆரம்பிச்சது, இன்னைக்கும் ஆன்லைன் எல்எல்பி தருது, தரமான படிப்புதான், ஆனா அதை எடுத்துட்டு வந்து சென்னைல என்ரோல் பண்ண நினைக்காதீங்க. நெல்சன் மண்டேலா ஜெயில்ல இருந்தபடியே தபால்ல சட்டம் படிச்சவர், கடைசில தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத்துல 1989-ல எல்எல்பி வாங்கினார், இன்னும் விடுதலை ஆகல அப்போ. நமக்கு ஆஃபீஸ் முடிஞ்சு வந்து ஒரு மணி நேரம் படிக்கவே தூக்கம் வருது.

இப்போ கோர்ஸை எப்படி செக் பண்றதுன்னு சொல்றேன். யூஜிசியோட தொலைநிலைக் கல்விப் பிரிவுக்குத் தனி வெப்சைட் இருக்கு, டெப்னு சொல்லுவாங்க. அதுல அந்தப் பல்கலைக்கழகம் பேர் இருந்தா மட்டும் போதாது, நீங்க சேரப் போற அதே படிப்பு, அதே வருஷத்துக்கு, ஆன்லைனா தொலைநிலையா எந்த முறைன்னு மூணும் பொருந்தணும். போன வருஷம் அனுமதி இருந்து இந்த வருஷம் இல்லாமப் போறது சகஜம். மாநிலப் பல்கலைக்கழகம் தொலைநிலைப் படிப்பை அதோட மாநில எல்லைக்குள்ளதான் நடத்தலாம், முழு ஆன்லைன் படிப்புக்கு அந்த எல்லை கிடையாது, இந்த வித்தியாசத்தை வச்சுதான் நிறைய பேர் குழப்புவாங்க. தனியார் ஆளுங்களுக்கு ஃபிரான்சைஸ் குடுத்து அட்மிஷன் போடறது அனுமதி இல்லாத விஷயம், அதனால யாராவது "நாங்கதான் அந்த யுனிவர்சிட்டியோட அதிகாரப்பூர்வ சென்டர்"னு சொல்லி அவங்க சொந்த அக்கவுண்ட்ல பணம் போடச் சொன்னா எந்திரிச்சு வந்துடுங்க. 2024-லேருந்து சேர்ற ஒவ்வொருத்தருக்கும் டெப் ஐடி வேணும், அதுக்கு ஏபிசி ஐடி, அதான் உங்க படிப்பு கிரெடிட்டெல்லாம் சேத்து வைக்கற கணக்கோட நம்பர், வேணும், ரெண்டையும் நீங்களே டிஜிலாக்கர் அது இதுன்னு போட்டு பத்து நிமிஷத்துல எடுத்துடலாம். இதுக்கு எவனாவது காசு கேட்டா அதுவே ஒரு அடையாளம்.

அடுத்தது எதுக்காகப் படிக்கறீங்கன்னு ஒரு தாள்ல எழுதுங்க. நான் எழுதாம சேந்து முதல் ஆறு மாசம் வீணாக்கினேன். வேலைக்குன்னா அந்த வேலையோட பழைய நோட்டிபிகேஷனை டவுன்லோட் பண்ணி கல்வித்தகுதி வரியை எழுத்தெழுத்தா படிங்க. அரசு உதவி வழக்கறிஞருக்கு சட்டப் பட்டமும் பிராக்டீஸும் வேணும், அதுக்கு டிப்ளமோ ஒண்ணும் பண்ணாது. எஸ்ஐ வேலைக்கு எந்த டிகிரியா இருந்தாலும் போதும், அதுக்காக குற்றவியல் டிகிரியே எடுக்கணும்னு இல்ல. காலேஜ்ல பாடம் எடுக்கணும்னு ஆசைன்னா நெட் தேர்வுல குற்றவியல் தனிப் பாடமாவே இருக்கு, ஆனா அதுக்கு முதுகலை வேணும். அரசு ஊழியரா இருந்தா சேர்றதுக்கு முன்னாடி ஆஃபீஸ்ல முறையா அனுமதி வாங்கிடுங்க, படிச்சு முடிச்சப்புறம் சர்வீஸ் புக்ல ஏத்த அலையறது பெரிய கொடுமை.

சேந்தாச்சு. இனி படிக்கறது. இதுலதான் எனக்கு சொல்றதுக்கு அதிகம் இருக்கு, ஏன்னா 2024 ஜூலை 1-ல எல்லாமே தலைகீழா மாறிடுச்சு. 1860 இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா, 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா, 1872 சாட்சியச் சட்டம் போய் பாரதிய சாக்‌ஷ்ய அதினியம். பிஎன்எஸ், பிஎன்எஸ்எஸ், பிஎஸ்ஏ. பேரை வாய்ல வரவைக்கவே ஒரு வாரம் ஆகும், பரவால்ல. உங்க கைக்கு வர்ற பழைய பாடப் புத்தகம், யூடியூப் வீடியோ, சீனியர் குடுத்த நோட்ஸ் எல்லாத்துலயும் பழைய நம்பர்தான் இருக்கும், அதைத் தூக்கிப் போடாதீங்க. 2024 ஜூலைக்கு முன்னாடி நடந்த குற்றம் இன்னும் பழைய தண்டனைச் சட்டத்துலதான் கோர்ட்ல ஓடிக்கிட்டு இருக்கு, ரெண்டும் தெரிஞ்சாகணும்.

நான் பண்ணது ஒரு நாப்பது பக்க நோட்டு. இடது பக்கம் பழைய பிரிவு, வலது பக்கம் புதுசு. கொலை 302 இப்போ 103. கொலை முயற்சி 307 இப்போ 109. மோசடி, நம்ம ஊர்ல திட்டறதுக்கே பயன்படுத்தற 420, இப்போ 318-ல நாலாவது உட்பிரிவு, சினிமாக்காரங்க பாடுதான் திண்டாட்டம். நம்ம ஊர் ஸ்டேஷன் எஃப்ஐஆர்ல அடிதடின்னாலே ஒண்ணா வரும் பாருங்க 294 பி, 323, 506 ரெண்டு, ஆபாசமா திட்டினது, அடிச்சது, கொன்னுடுவேன்னு மிரட்டினது, அது இப்போ 296 பி, 115 ரெண்டு, 351 மூணு. எஃப்ஐஆர் போடற 154 இப்போ 173. தடை உத்தரவு 144 இப்போ 163. இருக்கறதுலயே தொல்லை புடிச்சது 482, பழைய நடைமுறைச் சட்டத்துல அது வழக்கை ரத்து பண்ணச் சொல்லி ஐகோர்ட் போற பிரிவு, புதுசுல அதே 482 முன்ஜாமீன், ரத்து பண்றது 528-க்குப் போயிடுச்சு. பரீட்சைல இதுல நான் வழுக்கி விழுந்தேன், நீங்க விழாதீங்க. வெறும் நம்பர் மாத்தினது மட்டும் இல்ல, சின்னத் திருட்டுக்கு சமூக சேவைன்னு புதுத் தண்டனை வந்திருக்கு, செயின் பறிப்புக்குத் தனிப் பிரிவு, ஏழு வருஷமோ அதுக்கு மேலயோ தண்டனை உள்ள குற்றத்துக்கு தடயவியல் ஆளுங்க ஸ்பாட்டுக்கு வரணும்னு 176-ல இருக்கு. நம்பரை எழுதறப்போ பக்கத்துல என்ன மாறுச்சுன்னு ஒரு வரியும் எழுதிடுங்க.

சட்டத்தை கைடு வச்சுப் படிக்காம மூலத்தையே படிங்கன்னு எல்லாரும் சொல்லுவாங்க, ஆரம்பத்துல தலை சுத்தும், உண்மைதான், அதனால ஒரு பிரிவைப் படிச்சா அதுக்குக் கீழ இருக்கற உதாரணங்களை முதல்ல படிங்க. ஏ-ங்கறவன் இசட்-டோட மோதிரத்தை எடுத்தான்னு குட்டிக் கதையா இருக்கும், பழைய தண்டனைச் சட்டத்தை வரைஞ்ச மெக்காலே காலத்துலேருந்து வர்ற கதைங்க, புதுச் சட்டத்துலயும் பெரும்பாலும் அப்படியே இருக்கு. கதை புரிஞ்சா பிரிவு தானா புரியும். சட்டமெல்லாம் இந்தியா கோட் வெப்சைட்ல இலவசம். இக்னோ பாடப் புத்தகம் இகியான்கோஷ் வெப்சைட்ல இலவசம், சேராதவங்களும் படிக்கலாம், அதனால பணம் கட்றதுக்கு முன்னாடி ரெண்டு பாடம் எடுத்துப் படிச்சு பாத்துட்டு தூக்கம் வருதா ஆர்வம் வருதான்னு தெரிஞ்சுக்கோங்க. இபிஜி பாடசாலை வெப்சைட்ல குற்றவியலுக்குத் தனிப் பகுதி இருக்கு, ஸ்வயம்ங்கற அரசு ஆன்லைன் வகுப்புத் தளத்துல படிக்கறது இலவசம், சர்டிபிகேட் வேணும்னா மட்டும் பரீட்சைக் கட்டணம். சுப்ரீம் கோர்ட் தீர்ப்புங்க இ-எஸ்சிஆர்ல காசில்லாம கிடைக்கும், சிலது தமிழ்லயும் மொழிபெயர்த்துப் போட்டிருக்காங்க. அரசியல் சாசன அமர்வு விசாரணையை 2022 செப்டம்பர்லேருந்து லைவாவே காட்டறாங்க, சோறு சாப்பிடறப்போ சீரியலுக்கு பதிலா ஒரு நாள் போட்டுப் பாருங்க.

தமிழ் மீடியத்துல படிச்சவங்களுக்கு இங்கிலீஷ் பயம் இருக்கும், எனக்கும் இருந்துச்சு. சட்ட இங்கிலீஷ் வேற ஜாதி, பேசற இங்கிலீஷ் தெரிஞ்சவங்களுக்கும் அது புதுசுதான், அதனால நீங்க அவ்ளோ பின்தங்கி இல்ல. பெயில்னா பிணை, சார்ஜ் ஷீட்னா குற்றப்பத்திரிகை, அக்விட்டல்னா விடுதலை, காக்னிசபிள்னா வாரண்ட் இல்லாம போலீஸ் கைது பண்ணக்கூடிய குற்றம், இப்படி ஒரு இருநூறு வார்த்தை, அவ்ளோதான், அதுக்கு மேல திரும்பத் திரும்ப அதேதான் வரும். நான் காலைல எலெக்ட்ரிக் ட்ரெயின்ல போறப்போ பத்து வார்த்தை, திரும்பி வர்றப்போ அதே பத்து. ஞாயித்துக்கிழமை மூணு மணி நேரம் வீட்டுல யாரும் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு சொல்லி வச்சேன், பண்ணாங்க, ஆனாலும் ரெண்டு மணி நேரம் தேறுச்சு.

இக்னோ மாதிரி இடத்துல அசைன்மெண்டுக்கு 30 சதவீதம், பரீட்சைக்கு 70. அசைன்மெண்டை யாரோ விக்கற பிடிஎஃப்பைப் பாத்து காப்பி அடிச்சு அனுப்பறவங்க இருக்காங்க, அதே கேள்வி கொஞ்சம் மாறி பரீட்சைல வரும்போது பேனாவைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. கையால எழுதறதுல இன்னொரு நன்மை, மூணு மணி நேரம் எழுதி பழக்கம் விட்டுப்போன கை பரீட்சை ஹால்ல ஒன்றரை மணி நேரத்துல மரத்துப் போகும், அதுக்கு இது பயிற்சி. பரீட்சை ஜூன்லயும் டிசம்பர்லயும் வரும், ஃபாரம் போடற கடைசித் தேதியை நீங்கதான் பாத்துக்கணும், ரெகுலர் காலேஜ் மாதிரி யாரும் நோட்டீஸ் போர்டுல ஒட்டி ஞாபகப்படுத்த மாட்டாங்க. அதைக் கோட்டை விட்டா ஆறு மாசம் போச்சு. விடை எழுதறப்போ பிரிவு, அது சொல்றது என்ன, ஒரு உதாரணம், தெரிஞ்சா ஒரு தீர்ப்பு, இந்த வரிசைல எழுதுங்க. தீர்ப்பு பேர் சரியா ஞாபகம் இல்லன்னா கற்பனை பண்ணி எழுதாதீங்க, திருத்தறவங்க சட்டம் படிச்சவங்க.

ஆன்லைன் படிப்புல கிடைக்காதது ஒண்ணு இருக்கு, நடக்கறதை நேர்ல பாக்கறது. அதை நீங்களேதான் ஏற்பாடு பண்ணிக்கணும். தமிழ்நாடு போலீஸ் வெப்சைட்ல எஃப்ஐஆர் டவுன்லோட் பண்ணலாம், பாலியல் குற்றம் மாதிரி சிலதைத் தவிர மத்ததை வெப்சைட்ல ஏத்தணும்னு சுப்ரீம் கோர்ட் 2016-ல சொன்னதுலேருந்து. உங்க ஊர் ஸ்டேஷன்ல போன மாசம் பதிவான ஒண்ணை எடுத்து, பிரிவுகளை கையால மறைச்சுட்டு, புகாரை மட்டும் படிச்சு எந்தப் பிரிவு போடலாம்னு நீங்க எழுதுங்க, அப்புறம் கையை எடுத்துப் பாருங்க. முதல் பத்துல எனக்கு ரெண்டுதான் சரியா வந்துச்சு. படிக்கறப்போ அதுல இருக்கறது நிஜ மனுஷங்கங்கறதை மறந்துடாதீங்க, வாட்ஸப்ல ஃபார்வர்டு பண்ற சமாச்சாரம் இல்ல அது. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல பாராலீகல் வாலண்டியருக்கு ஆள் எடுப்பாங்க, டிகிரில்லாம் கேக்க மாட்டாங்க, பயிற்சியும் அவங்களே குடுப்பாங்க, அறிவிப்பு வந்தா உடனே போடுங்க, டிப்ளமோ கத்துக்குடுக்காததை அங்க மனு எழுத வர்ற ஒரு அம்மா கத்துக்குடுத்துடுவாங்க.

அப்புறம் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு ஒரு நாள் லீவு போட்டுப் போங்க. விசாரணை நடக்கற கோர்ட் திறந்த இடம்னு பிஎன்எஸ்எஸ் 366-லயே இருக்கு, சில வழக்கை மட்டும் கதவைச் சாத்திட்டு நடத்துவாங்க, அப்போ வெளிய போகச் சொன்னா பேசாம வந்துடணும். இ-கோர்ட்ஸ் ஆப்ல முந்தின நாளே எந்த வழக்கு வருதுன்னு பாத்துட்டுப் போனா பாதி புரியும். காலைல பத்தரைக்கு முன்னாடி போங்க, பின்னாடி பெஞ்சுல உக்காருங்க, முன்னாடி நாற்காலியெல்லாம் வக்கீலுங்களுக்கு. ஜட்ஜ் உள்ள வர்றப்போ எந்திரிக்கணும், கால் மேல கால் போடக் கூடாது, ஃபோனை சைலண்ட்ல வச்சா பத்தாது, ஆஃப் பண்ணிடுங்க, எனக்கு அங்கதான் ரிங் அடிச்சுச்சு, கோர்ட் டவாலி என்னைப் பாத்த பார்வை இன்னும் மறக்கல.